விண்ணப்பத்தில் ஒரு வினா

தோட்டத்து ஆபீசில் பிறர்க்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கும் நாம், எவ்வினாவில் பேனா தயங்கி நிற்குமென்பதை அறிவோம். கிள்ளானிலே 19 வயதில் லைசென்சின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டிக் கோர்ட்டில் அபராதம் கட்டிய இளைஞன் ஒருவன், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான் என்று கொள்வோம். 'முன்பு குற்றத்திற்காகத் தண்டனை பெற்றதுண்டா?' என்கிறது பாரம். "இல்லையென்று எழுது, யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?" என்பர் பிரிக்பீல்ட்ஸ் உறவினர். அவ்வச்சம் காரணமற்றதன்று, ஏழையின் சிறுபிழையைப் பெருங்குற்றமாக்குவோர் எங்கும் உளர்.

உத்தியோகம் பற்றிய இத்தகைய வழக்கொன்று இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவதார் சிங் வழக்கில் 2016ஆம் ஆண்டு அது தீர்ப்பளித்தது. இளமையில் கோஷமிட்டது போன்ற அற்பக் குற்றத்தை ஒருவர் மறைத்திருப்பினும், வேலை கொடுப்போர் அதனைப் பொறுக்கலாம் என்றது. குறிப்பாகக் கேட்டதையே சொல்லக் கடமை என்றும் வகுத்தது. ஆனால் உண்மை சொன்னவர்க்கு வேலை கொடுத்தே தீரவேண்டுமென்று சொல்லவில்லை.

அத்தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் நமக்கும் பொருந்தும். அபராதம் கட்டியவன் விளையாட்டுப் பிள்ளை. 'இல்லை'யென்று கையொப்பமிடுபவனோ நாளைய வைத்தியன். தன் கை தவறினால் நோயாளியிடம் அதைச் சொல்லவேண்டியவன் அவனே. இங்கும் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் மருத்துவராகப் பதிவு பெறுவோரிடம் நன்னடத்தையை எதிர்பார்க்கிறது.

கேட்போர்க்கும் கடமையுண்டு. என்ன குற்றம், எவ்வயதில் என்றெழுத இடம் விடாது, 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டம் அச்சிடுவோர் பொய்க்குப் பாதி வழி காட்டுகின்றனர். அத்தகைய பாரம் வந்தால், 'ஆம்' என்றெழுதி, நடந்ததை விளக்கித் தனிக் கடிதமொன்று இணைக்குமாறே நாம் நம் பிள்ளைகட்குச் சொல்வோம்.