காணாமையும் கடமையும்

அறியாது நேர்ந்த பிழைக்கு மனிதன் பொறுப்பாளியா என்னும் வினா ஒழுக்கவியலில் மிகப் பழையது. அறியாமை பழியை நீக்கக்கூடும் என ஏற்ற அரிஸ்ரோட்டில், அவ்வறியாமைக்கு ஒருவன் தானே காரணமாயின் அவன் பழிக்குரியவனே என்றும் கருதினார். இயந்திர நாகரிகத்தில் இவ்வினா மேலும் சிக்கலடைகின்றது. ஒருவர் உலோகத்தை உருக்குகிறார், வேறொருவர் அதனைக் கடைகிறார், மற்றொருவர் பரிசோதிக்கிறார். இவர்களுள் எவரும் காணாத குறையினால் உயிர்கள் அழியுமாயின் பழி யாரைச் சாரும்?

1989ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி, டென்வரிலிருந்து சிக்காகோ நோக்கிப் பறந்த யுனைற்றெட் விமான சேவையின் டி.சி.10 விமானத்தில், வாற்பகுதி எந்திரத்தின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. சிதறிய துண்டுகளால் விமானத்தின் மூன்று நீரியல் கட்டுப்பாட்டுத் தொகுதிகளும் செயலிழந்தன. அயோவா மாநிலத்தின் சியூ சிற்றியில் அது தரையிறங்க முற்பட்டபோது, பயணம் செய்த 296 பேரில் 112 பேர் உயிரிழக்க நேர்ந்தது.

அழிவின் வித்து 1971ஆம் ஆண்டளவிலேயே விழுந்திருந்தது. தட்டுக்கான தைத்தேனியக் கலப்புலோகம் உருக்கப்பட்டபோது, நைதரசன் செறிந்த, எளிதில் நொறுங்கும் சிறு பகுதியொன்று அதனுள் தங்கிவிட்டது. அவ்விடத்தில் ஏற்பட்ட நுண்ணிய குழியிலிருந்து வெடிப்பொன்று தோன்றியது. ஒவ்வொரு பறப்பிலும் தட்டு சுழன்று ஓயுந்தோறும் அவ்வெடிப்பு சிறிது சிறிதாக வளர்ந்தது. தட்டின் ஆயுள் 18,000 பறப்புக்கள் என வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனால் குறையற்ற உலோகத்துக்கே அவ்வெண் பொருந்தும். அத்தட்டோ 15,503 பறப்புக்களுடன் அழிந்தது.

சேவைக் காலத்தில் அது ஆறு தடவைகள் பரிசோதிக்கப்பட்டிருந்தது. ஒளிரும் சாயத்தைப் பூசி, ஊதாக்கடந்த ஒளியில் வெடிப்பைத் தேடும் முறை அது. விபத்துக்கு 760 பறப்புக்கள் முன்னர், 1988 ஏப்பிரலில் நடந்த இறுதிப் பரிசோதனையின்போது வெடிப்பு ஏறத்தாழ அரை அங்குல நீளமாக இருந்திருக்கும் எனப் பின்னர் கணிக்கப்பட்டது. பரிசோதனையிலும் தரக்கட்டுப்பாட்டிலும் மனித இயல்பின் வரம்புகள் போதியளவு கருதப்படாமையே விபத்தின் காரணம் என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. உறுப்பினர் ஒருவரோ குறையுடைய தட்டை உற்பத்தி செய்தமையும் காரணமாகக் கூறப்படல் வேண்டும் என மாறுபட்டார்.

இருவகை அறியாமைகளை இங்கு வேறுபடுத்தல் அவசியம். அக்காலத்துப் பரிசோதனை முறைகள் காட்டாத ஒன்றை உருக்கியவர் அறியாதிருந்தார். காணத்தக்க ஒன்றைப் பரிசோதித்தவர் காணாதிருந்தார். பின்னையதே பழிக்குரியது எனத் தோன்றலாம். ஆயினும் பல தட்டுக்களைப் பார்த்தும் வெடிப்பொன்றையும் காணாத கண், இனியும் இராது என எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. இஃது ஒருவரின் சோம்பலன்று, மனித இயல்பு. அவ்வியல்பை அறிந்தும் ஒரே கண்ணை நம்பி வேலையை ஒழுங்குசெய்தோரின் அறியாமையே அரிஸ்ரோட்டில் கருதிய, தானே தேடிக்கொண்ட அறியாமையாகும்.

எனினும் பலர் பங்குகொள்வதனால் ஒவ்வொருவர் பொறுப்பும் சுருங்கிவிடுவதில்லை. தமக்குப் பின் வேறொருவர் பார்ப்பார் என உருக்குபவரும், முன்னரே பார்த்திருப்பர் எனப் பரிசோதிப்பவரும் எண்ணுவராயின், பார்ப்பவர் எவருமிலர். தான் ஒருபோதும் சந்திக்காத பயணியின் உயிர் தன் கையிலேயே தங்கியுள்ளது எனக் கருதி உழைப்பதும், அவ்வாறு உழைப்பவரின் கண் தவறும் என்பதை ஏற்று வேலையை அமைப்பதும் ஒன்றாக நிகழுமிடத்திலேயே கடமை நிறைவுபெறும்.