வேறொரு தராசு உண்டா?

செனாய் வட்டாரத்து வியாபாரச் சகோதரர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "ஜகாத்தைக் குறைவின்றிக் கொடுத்துவிடுகிறேன். சர்க்கார் வரியில் கொஞ்சம் மறைத்தால் பாவமாகுமா?" என்பதே அது.

கேட்பவர் கெட்டவரல்லர். தராசில் குன்றிமணியளவு குறைக்கவும் அஞ்சுகிறவர். அளவில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே இருப்பதை அறிந்தவர். வரிப் பாரம் என்றால் மட்டும் அவருக்கு வேறொரு தராசு கிடைத்துவிடுகிறது.

ஜகாத் விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, தனிநபர் ரசீது பெற்று முறையாகச் செலுத்திய ஜகாத், அவர் கட்டவேண்டிய வரியிலிருந்தே வெள்ளிக்கு வெள்ளி கழிக்கப்படுகிறது. (கம்பெனிகளுக்கு முறை வேறு.) ஆகவே, "இரட்டைச் சுமை" என்ற முறையீடு நிற்காது. சர்க்கார் பணத்தை விரயம் செய்கிறதே என்பாருமுண்டு. செய்யலாம். முதலாளி அதிக லாபம் வைக்கிறார் என்று சொல்லி ஒரு வாடிக்கைக்காரர் சாமானை மடியில் மறைத்தால் நாம் ஒப்புவோமா?

முன்னாளில் நாம் பாரம் அனுப்ப, அதிகாரி வரியை நிர்ணயிப்பார். 2004 முதல் தனிநபர் தம் வரியைத் தாமே கணக்கிடவேண்டும் என்றாகிவிட்டது. இன்று வரி வாரியத்தின் இணையத் தளத்தில் காசு செலவின்றித் தாக்கல் செய்கிறோம். அப்போது ரசீது ஒன்றையும் அது கேட்பதில்லை. ஏழாண்டு பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்பதே விதி. நம் சொல்லை நம்பி வாங்கிக்கொள்கிறது. நம்பி விடப்பட்டதற்கு மார்க்கத்தில் அமானிதம் என்று பெயர். இக்கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

"எழுதியது கணக்குப்பிள்ளை, எனக்கென்ன தெரியும்?" என்பதற்கும் ஒரு பதில் தாயகத்திலிருந்து வந்துள்ளது. 2025 ஜூலை 14 அன்று இந்திய வருமான வரித் துறை, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் நடந்த பொய்க் கழிவுகளைப் பற்றிய சோதனையை அறிவித்தது. அங்கும் சர்க்கார் தளத்தில் தாக்கல் இலவசமே. ஆயினும் கமிஷனுக்கு வேலை செய்த சில தரகர்கள், இல்லாத செலவுகளைக் காட்டி வரியைத் திரும்பப் பெற்றுத் தந்திருக்கிறார்கள். தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்துப் பிறகு கைவிட்டுவிட்டதால், நோட்டீசுகள் படிக்கப்படாமலே கிடந்தன. தரகர் போய்விட்டார், பாரத்தில் இருப்பதோ வரி கட்டுபவர் பெயர். அதற்கு முந்திய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர், ரூ.1,045 கோடி அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் தாமாகவே திரும்பப் பெற்றனர் என்றும் அத்துறை கூறியது.

நம் நாட்டில் அபராதமின்றித் தாமே முன்வந்து ஒப்புக்கொள்ள 2023 ஜூன் 6 முதல் 2024 மே 31 வரை அவகாசம் தந்தார்கள். அது முடிந்துவிட்டது. இருப்பினும், தணிக்கைக்கு முன் தாமாகச் சென்று சொல்பவருக்கு அபராத விகிதம் குறைவே. முந்திய ஆண்டுகளில் குறை வைத்தவர்கள் அந்தப் பேரேடுகளையும் ரசீதுகளையும் இப்பொழுதே தேடி எடுத்துவைத்துக்கொள்வது நலம்.