செய்தியும் வினையும்

வினை, மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படும் என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின், ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் செய்தித்தாளிற் சுவைபட எழுதுவோனும் அதனைச் சுவைத்துப் படிப்போனும், கையாற் செய்திலேம் என்றமட்டில் வினையினின்றும் நீங்குவரோ என்பது ஆராயற்பாலது.

அரியலூர் மாவட்டத்தில் 2017 சனவரித் திங்களில், ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுமி ஒருத்தியின் உடல் கிணற்றினின்றும் எடுக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிற் சென்னைக் கடற்கரையில் ஏறுதழுவற் கிளர்ச்சி எழ, தாள்களின் முகப்புப் பெரிதும் அதற்கே உரியதாயிற்று. பின்னர் அவளைப்பற்றி எழுதியோருட் பலர் அவள் பெயரை மறையாது வெளியிட்டனர். நீதிமன்ற இசைவின்றி அங்ஙனம் வெளியிடலாகாதென்பது, பாலியற் குற்றங்களினின்று சிறாரைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி; பெயர் மறைத்தல் இறந்தார்க்கும் உரித்தென உச்சநீதிமன்றம் 2018 திசம்பரில் தெளித்துரைத்தது.

செய்தியே எழுதாதொழிதல் நன்றெனின், அற்றன்று. வெளிவராத கொடுமைக்கு முறை கேட்பார் இலர். குற்றம் எழுதும் வகையில் உளது. கொன்றவனை விடுத்து ‘அவள் ஏன் சென்றாள்’ என வினவச்செய்யுஞ் சொல், உள்ளதை மறைத்தலாகிய ஆணவத்தின் தொழிலையே செய்கின்றது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒருவன் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதுண்டு. சிரித்துக் கேட்டார்க்கும் அவ்வினையிற் பங்குண்டு. கங்கைகொண்ட சோழபுரக் கோயிற் சுவரில் மாதொருபாகனைத் தொழுது மீண்டாரும் அவருள் இருத்தல் கூடும்.