ஞாயிறு இன்றாயின்

இறைவனது திருவருளின் இயல்பை விளக்கப் புகும் இடந்தோறும் சைவ நூல்கள் ஞாயிற்றை உவமையாக எடுத்தாளுதல் கற்றோர் அறிந்ததே. ஞாயிறு யாதொரு விகாரமும் எய்தாது நிற்ப, அதன் சந்நிதி மாத்திரையானே தாமரை மலர்தலும் ஆம்பல் குவிதலும் சேறு உலர்தலும் நிகழ்வது ஐந்தொழிற்கு உவமையாயிற்று. கண்ணொளி ஞாயிற்றொளியோடு கலந்தன்றிப் பொருளைக் காணமாட்டாமை, உயிர் அருளோடு கூடியன்றி ஒன்றையும் அறியமாட்டாமைக்கு உவமையாயிற்று. கூகைக்குப் பகலும் இரவேயாதல் மலமறைப்புக்கு உவமையாயிற்று. இவை யாவும் ஞாயிறு உளதாதலை வைத்துக் கூறப்பட்டன. ஞாயிறு இலதாயின் யாதாம் என்னும் வினாவை வைத்து ஆராய்வாரோ அரியர்.

அவ்வினா சிறார் விளையாட்டாக வினவுவது போலத் தோன்றும். ஆயினும், சிறிது நின்று நோக்குவார்க்கு, முத்திநிலை பற்றிய அரியதோர் ஐயத்தை அஃது எழுப்புதல் புலனாகும். முத்தியில் ஆணவமலம் அழிவதன்று, அதன் சத்தியே மடங்கும் என்பது சித்தாந்தம். அங்ஙனமாயின், மடங்கிய அது மீள எழாது என்பதற்கு உறுதி யாது? ஞாயிற்றின் இன்மையை ஆராயும் முகத்தான் இவ்வையத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண், ஞாயிறு திடீரென இலதாயிற்று என வைத்துக்கொண்டு, ஞாலத்துக்கு நேர்வதை நோக்குவோம். ஞாயிறு ஞாலத்தினின்றும் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் சேய்மையில் உள்ளது. அதன் ஒளி நம்மை வந்தடைதற்கு 8 நிமிடமும் 20 விநாடியும் ஆகும். ஆதலின், ஞாயிறு இலதாய பின்னரும் அத்துணைப் பொழுது ஞாயிறு வானில் விளங்குவதாகவே காணப்படும். உழுவான் உழுவான், விற்பான் விற்பான், இல்லாத ஒன்றின் ஒளியில் எல்லாத் தொழிலும் முன்போலவே நடைபெறும். அதன்பின் ஒரு கணத்தில் பகல் நீங்கும். அப்பொழுது இரவாயிருந்த பக்கத்தில் முழுமதி விளங்குமாயின், அஃது இரண்டு மூன்று விநாடி பிந்தித் தன் ஒளியை இழக்கும். வியாழன் நள்ளிரவில் உச்சியில் நிற்குங் காலமாயின், சென்று மீளும் ஒளியின் வழி நெடிதாகலின், ஒரு மணி நேரத்துக்கு மேலும் விளங்கிப் பின்னர் மறையும். தமக்கென ஒளியுடைய விண்மீன்கள் மாத்திரமே எஞ்சும். எவை தம்மொளியால் விளங்கின, எவை கடன்பெற்ற ஒளியால் விளங்கின என்பது அன்றே வெளிப்படும்.

ஞாயிறு ஒளி தருவது மாத்திரம் அன்று. ஞாலத்தைத் தன் ஈர்ப்பினால் பிணித்தும் நிற்கின்றது. ஈர்ப்பு காலம் வேண்டாது அக்கணமே செல்வது என்பது நியூட்டன் காலத்துக் கொள்கை. 1915-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வகுத்த ஈர்ப்புக் கொள்கையின்படி, ஈர்ப்பின் மாற்றமும் ஒளியின் விரைவிலேயே செல்லும். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 13 கோடி ஒளியாண்டுச் சேய்மையில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதனாற் பிறந்த ஈர்ப்பலையும் காமா ஒளியும் இரண்டு விநாடிக்கும் குறைந்த இடையீட்டில் ஞாலத்தை வந்தடைந்தன. அக்கொள்கைக்கு அது நல்லதொரு சான்றாயிற்று. ஆகவே ஒளி நீங்கும் அக்கணத்திலேயே பிணிப்பும் நீங்கும். ஞாலம் தன் வட்டவழி நீங்கி, விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் விரைவில், நேரே வெளியிடத்துச் செல்வதாகும். ஒளியின் நீக்கத்தைக் கண்ணுடையார் யாவரும் உணர்வர்; பிணிப்பின் நீக்கத்தையோ உடல் சிறிதும் உணராது. உணரப்படாத அதுவே ஞாலத்தை நெறியில் நிறுத்தியது.

இனித் தண்மை. ஞாலத்தின் மேற்பரப்பு சராசரி 15 பாகை வெம்மை உடையது. ஞாயிறு இன்றாயின், ஏறத்தாழ ஒரு வாரத்தினுள் அது நீர் உறையும் நிலைக்குக் கீழிறங்கும் என்றும், ஓராண்டளவில் சுழிக்குக் கீழ் 70 பாகை அளவிற் சென்று சேரும் என்றும் கணக்கிடுவர். புல்லும் பயிரும் ஒளியுணவு சமைத்தல் உடனே ஒழியும். கடல் மேலே உறையும்; அவ்வுறைபனியே போர்வையாகலின் அடிநீர் நெடுங்காலம் நீராகவே நிற்கும். பின்னர்க் காற்றும் நீர்மையாகிப் பனியாய் நிலத்தின்மேற் படியும். ஞாலத்துக்கு அகவெப்பம் உண்டேயெனின், உண்டு. அது மேற்பரப்பு ஞாயிற்றினின்றும் ஏற்கும் வெம்மையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது.

ஞாயிற்றைச் சாராது வாழும் உயிர்களும் உளவன்றோ எனின், ஆராய்வாம். 1977-ஆம் ஆண்டில் கலாபகோசுத் தீவுகளின் அருகே, ஏறத்தாழ 2500 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊறும் பிளவுகளைச் சூழ்ந்து உயிர்த்தொகுதிகள் வாழ்தல் கண்டறியப்பட்டது. ஒளி சிறிதும் புகாத அவ்விடத்தில், நிலத்தினடியிலிருந்து எழும் கந்தகக் கலவையைக் கொண்டே அவை வாழ்கின்றன. ஞாயிறு வேண்டா வாழ்வு இதுவே எனப் பலரும் வியந்தனர். ஆனால் ஆண்டுள்ள குழாய்ப் புழுக்களின் உடலகத்து நுண்ணுயிர்கள் அக்கலவையைப் பயன்கொள்ளுதற்கு நீரிற் கரைந்த பிராணவாயு இன்றியமையாதது. அவ்வாயுவோ மேலே ஞாயிற்றொளியில் வாழும் பயிரினங்கள் வெளிவிட்டது. ஒருபோதும் ஞாயிற்றைக் காணாத அப்புழு, காணாமலே அதனைச் சார்ந்து வாழ்கின்றது. அவ்வாயுவும் வேண்டா நுண்ணுயிர் சில நெடுநாள் எஞ்சுதல் கூடும். அவைதாமும் ஞாலத்தின் அகவெப்பத்தைச் சார்ந்தே எஞ்சும். சார்பின்றி நிற்கும் உயிர் யாண்டும் இல்லை. கடவுளை யாம் வேண்டேம் என்பார் உரையும் அப்புழுவின் வாழ்வும் ஒருதன்மையன என்க.

இனி, மேற்கூறியவற்றின் சாரம் யாதென நோக்குவோம். ஞாயிறு நீங்கியவழி இருளும் தண்மையும் வந்தன என்கின்றோம். அவை எங்கிருந்து வந்தன? எங்கிருந்தும் வந்தன அல்ல. நாடோறும் நாம் இரவென்று கூறுவது ஞாலம் தன்மேல் தானே இட்ட நிழலேயாம். பகற்காலத்தில் இருள் அழிந்தொழியவில்லை. ஒளியின் முன்னர் அடங்கிக் கிடந்தது. ஞாலம் தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டு ஆயின. அத்துணைக் காலமும் இடையறாது ஞாயிற்றின் வெம்மையைப் பெற்றும், அதனை ஒரு திங்களளவேனும் தன்னிடத்தே வைத்துக்கொள்ள அது வல்லதாகவில்லை. ஒளி ஞாலத்தில் இருந்ததேயன்றி ஞாலத்தினது ஆகவில்லை.

இங்கேதான் முற்கூறிய ஐயம் எழுகின்றது. ஆணவமலம் உயிரோடு அனாதியே கூடியது; செம்பிற் களிம்பு போல்வது. அருள் விளங்கியவழி அதன் சத்தி மடங்கும். அது தான் அழியாது. அழியாதாயின், அருள் நீங்குங்கால் 8 நிமிடத்தில் ஞாலத்தை இருள் கவ்வுமாறு போல, மலமும் உயிரை மீளக் கவ்வாதோ? கவ்வுமாயின் வீட்டின்பம் இரவற் செல்வம் போலாமன்றோ? அடியார் நெஞ்சில் இவ்வச்சம் எழுதல் இயல்பே.

இவ்வச்சத்துக்கு அஞ்சி வேறு வழி தேடுவார் இருதிறத்தர். ஒருதிறத்தார், முத்தியில் மலம் வேரோடு அழியும் என்பர். அது பொருந்தாது, அனாதியாயுள்ள பொருளுக்கு அழிவு கூறுதல், உள்ளதற்கு அழிவில்லை என்னும் சற்காரியவாதத்தோடு முரணும். இருள் ஒளியின் இன்மையே, ஒரு பொருளன்று எனத் தார்க்கிகரும் இக்காலத்துப் பௌதிக நூலாரும் கூறுவர். அது பற்றி ஆணவத்தையும் இன்மை என்னலாகாது. உவமை ஒருபுடையே கொள்ளப்படும். மற்றொரு திறத்தார், உயிர் முத்தியிற் சிவத்தோடு ஒப்பதாய்ப் பிறிதொன்றன் துணை வேண்டாது நிற்கும் என்பர். இது சிவசமவாதம், உமாபதி சிவாசாரியர் 1313-ஆம் ஆண்டில் அருளிய சங்கற்ப நிராகரணத்தில் மறுக்கப்பட்ட கொள்கைகளுள் ஒன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. மதி ஞாயிறாதல் எஞ்ஞான்றும் இல்லை. ஆகவே, மலம் அழிந்துபோம் என்பதிலும் உறுதி இல்லை. உயிர் தானே நிற்கும் என்பதிலும் உறுதி இல்லை.

பின் உறுதி யாண்டையதெனின், அருள்வோனது இயல்பிலேயே என்பது விடை. ஈண்டு ஞாயிறாகிய உவமை எவ்வளவிற் செல்லும், எவ்விடத்து நின்றுபோம் என்பதை நன்கு தெரிதல் வேண்டும்.

முதலாவது, ஞாயிறு மாயையின் காரியம். தோன்றியதாகலின் அதற்கு முடிவும் உண்டு. அதன் அகத்தே ஐதரசன் அணுக்கள் கூடி ஹீலியமாக, அதனாற் பேராற்றல் வெளிப்படுதலை 1939-ஆம் ஆண்டில் ஹான்ஸ் பெதே என்பார் விளக்கினார். விநாடிதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் டன் பொருண்மை இங்ஙனம் ஒளியாகச் செலவாகின்றது. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டிற் செந்நிறப் பெருமீனாகப் பருத்துப் பின்னர் ஒடுங்கும் என்பர். ஞாயிறு தன்னைச் செலவிட்டே ஒளி தருகின்றது. சிவமோ கொடுத்தலாற் குறைவதன்று. காலத்தைத் தோற்றுவிப்பதாகலின் காலத்தால் முடிவதன்று. மேலும், ஞாயிறு தானும் ஒரு கணத்தில் இன்மையாதல் கூடாது; வேறொன்றாகத் திரிதலே கூடும். ஐன்ஸ்டைனது ஈர்ப்புக் கொள்கையும் பொருண்மை ஒரு சுவடின்றி மறைதலை ஏற்பதில்லை. யாம் வைத்துக்கொண்டது கருத்தளவில் வைத்ததே. காரியப்பொருளாகிய ஞாயிற்றுக்கே இன்மை கூடாதாயின், காரியமாகாத முதற்பொருளுக்கு அது கூடுமாறு எங்ஙனம்?

இரண்டாவது, ஞாயிறு ஞாலத்துக்குச் சேய்த்து. இடையே வெளி உண்டு. அவ்வெளியைக் கடந்து ஒளி வருதல் வேண்டும். வருவது தடைப்படவும் கூடும். சிவமோ உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பது. ஞாயிறு கண்ணுக்குப் புறத்தே நின்று காட்டும். கண் ஞாயிற்றொளி உண்டாயினும் உயிர் உடன் நின்று கண்டாலன்றிக் காணாது. கண்ணொடு உயிர் நின்றாற்போல உயிரொடு சிவம் நிற்றலின், அருளுக்கு இடைவெளியும் இல்லை; அந்த 8 நிமிடமும் இல்லை. ஆகவே மலம் அழியாதிருப்பினும், அதனை மடக்கிநிற்பது எஞ்ஞான்றும் நீங்காதாகலின், அது மீள எழுதலும் எஞ்ஞான்றும் இல்லை. வீடுபேற்றின் உறுதி பகைவனது அழிவில் இல்லை, துணைவனது நீங்காமையில் உள்ளது என்பது சித்தாந்தத்தின் துணிபு. இதனாலன்றே முத்தியிலும் மும்முதலும் உண்டென்றும், ஆண்டும் உயிர் அடிமையே என்றும் ஆன்றோர் கூறினர்.

அங்ஙனம் நீங்காத அருள் பெத்தகாலத்தில் விளங்காமை என்னையெனின், ஞாயிறு இன்மை வேறு, தோன்றாமை வேறு என்க. முழுமறைப்பின்போது மதி இடையே நின்று நம் கண்ணை மறைக்கின்றது. ஞாயிறு யாதும் குறைந்ததில்லை. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுமறைப்பைக் குண்டூரில் இருந்து நோக்கிய பிரெஞ்சு வானநூலார் ஜான்சென், ஞாயிற்றின் விளிம்பில் எழும் சுடர்களின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார். நாடோறும் பேரொளியின் மிகுதியாற் காணப்படாதிருந்தது மறைப்பினாற் காணப்பட்டது. திரோதான சத்தி மறைத்தலைச் செய்யினும், மலத்தைப் பரிபாகப்படுத்தி அறிவுக்கு வழி செய்தலின் அருளேயாம் என்னும் உண்மைக்கு இஃதோர் ஒருபுடை ஒப்புமையாகும்.

இவ்வாராய்ச்சியால் நாம் நடக்கையிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஞாயிறு நீங்கிய 8 நிமிடமும் ஞாலம் தன்னொளியால் விளங்குவது போலத் தோன்றும். கல்வியும் செல்வமும் தவமும் உடையார், இவை எமவே என்று செருக்கி நிற்கும் பொழுதும் அத்தன்மைத்தே. ஏற்றதை உடைமையென மயங்குதலே ஆணவத்தின் முதல் வேலை. பிறனொருவனைச் சார்ந்து நிற்றல் இழிவு என்று கருதுவார் இக்காலத்துப் பலர். இழியும் பொருளைச் சார்தலே இழிவு. நீங்காப் பொருளைச் சார்தல் உறுதியேயாம். சைவர் நாட்பூசையில் முதற்கண் ஞாயிற்றின் மண்டலத்தில் சிவசூரியனை வழிபடுதல் இக்கருத்துப் பற்றியே போலும். எட்டு மூர்த்தங்களுள் ஒன்றாகிய அதனை அவர் முழுமுதலெனக் கொள்வதில்லை. அதனை விளங்கச் செய்வானையே அதன்கண் வைத்துத் தொழுகின்றனர்.

ஆதலின் அடியார் அஞ்சுதல் வேண்டா. ஞாயிறு ஒருநாள் ஒடுங்கும், ஞாலமும் ஒடுங்கும். ஞாயிற்றுக்கு ஒளி ஈந்தானது திருவருள் ஒடுங்குதல் இல்லை. வைகறைதோறும் எழும் கதிரைக் காணுந்தோறும், இவ்வொளி எமதன்று, இதனைத் தந்தான் எம்மை நீங்கான் என்னும் இரண்டையும் ஒருங்கே நினைதல் நமக்குக் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.