மலிவான அறை, இலவசப் படம்

நிலக்காட்சிகளைப் படம் பிடிக்கும் பழக்கம் ஒருவகையில் எனக்கு வாப்பாவால் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் மனித உருவப் படம் எதுவும் தொங்கியதில்லை. உருவப்படம் கூடுமா கூடாதா என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய நாட்டமில்லை என்றாலும் அவருடைய தயக்கம் என்னிடமும் ஒட்டிக்கொண்டது. ஆகவே கமரா வாங்கியபோது கடலையும் வயலையும் மலையையும் தேடிப் போனேன். மலைக்கு முகமில்லை, அதைப் படம் பிடித்ததற்காக நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நம்பினேன். அந்த நம்பிக்கை நானுஓயாவில் கலைந்தது.

2018 ஏப்ரலில், கிழக்குக் கரையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து ரயிலேறினேன். ஏப்ரல் என்றால் நுவரெலியாவில் ‘சீசன்’. அறை வாடகைகள் ஆசிரியச் சம்பளக்காரன் எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்குப் போய்விடும். நுவரெலியா நகருக்கு ரயில் நிலையம் நானுஓயாதான். நகரம் அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. நான் நகரத்துக்குப் போகாமல் நானுஓயாவிலேயே ஒரு தோட்டத்து வீட்டில் தங்கினேன். இரவுச் சாப்பாட்டுடன் நாளொன்றுக்கு 1500 ரூபா. நான் முஸ்லிம் என்பதால் மரக்கறிதான் என்று வீட்டுக்கார அக்கா கேட்காமலே முடிவு செய்திருந்தார். ஊர் திரும்பியதும் நண்பர்களிடம் நான் முதலில் பெருமையடித்தது மலையைப் பற்றியல்ல, அந்த 1500 ரூபாவைப் பற்றித்தான்.

அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. மூன்றாம் நாள் விடியுமுன் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனேன். வீட்டுக்காரரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அடுப்பருகே பாயில் சுருண்டு கிடந்தார்கள். நான் மூன்று நாட்களாகப் படுத்திருந்தது அவர்களுடைய ஒரே படுக்கையறை.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானும் யாரையும் ஏமாற்றவில்லை. இரு தரப்பும் விரும்பிச் செய்த வியாபாரம் அது. அவர்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. ஆனாலும் மலிவு என்று நான் கொண்டாடியதன் மீதி விலையை நான்கு பேரின் முதுகு அந்தக் குளிரில் செலுத்திக்கொண்டிருந்தது.

அன்று காலைதான் அந்தப் படம் கிடைத்தது. பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்த தேயிலைச் சரிவு. சரிவின் ஓரத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். பெரிய காட்சியில் ஒரு சிறிய மனித உருவம் இருந்தால் மலையின் பிரம்மாண்டம் தெரியும் என்பது படம் பிடிப்பவர்களின் பாலபாடம். அவரை நான் ஓர் அளவுகோலாகத்தான் பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்துவிட்டார்.

“தம்பி, என்னையும் புடிச்சீங்களா?”

“ஆமா அக்கா.”

“அப்ப எனக்கும் ஒன்னு குடுங்க. எங்கம்மா செத்தப்ப வீட்டுல ஒரு படம் இல்ல. ஐடென்டி கார்ட்டுல இருந்ததத்தான் பெருசாக்கி மாட்டுனோம்.”

“கட்டாயம் அனுப்புறேன் அக்கா” என்றேன். எந்த லயன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பெயரைக் கேட்கவில்லை.

அனுப்பவுமில்லை. அடுத்த ஆண்டு எங்கள் ஊரில் நடந்த ஒரு சிறு கண்காட்சியில் அந்தப் படம் பெரிதாகத் தொங்கியது. பலரும் பாராட்டினார்கள். வயதான ஆசிரியர் ஒருவர் மட்டும் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இவங்கட பேர் என்ன?” என்று கேட்டார். படத்தின் கீழே என் பெயர் இருந்தது.

படம் எடுப்பதால் எவருக்கும் எதுவும் குறைவதில்லை என்று அன்றிரவு எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வெளிச்சம் எல்லோருக்கும் பொது. மலை இறைவன் படைப்பு. பார்த்தவனுக்குப் பார்த்தது சொந்தம். வனாந்தரத்தைப் பற்றிய பேச்சென்றால் இந்த வாதம் நிற்கும். தேயிலை மலை வனாந்தரமல்ல. தேயிலையைத் தன்பாட்டில் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் விரிந்து கிடக்கும் அந்தப் பச்சைக் கம்பளம் ஓயாமல் கொழுந்து பறிப்பதாலும், சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்து வெட்டுவதாலும் மட்டுமே கம்பளமாக இருக்கிறது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பியில் நோய் கண்டு அது அழியத் தொடங்கியபின் தேயிலை நட்டார்கள். 1885இல் ரயில் நானுஓயா வரை வந்தது. நான் இயற்கைக் காட்சி என்று நம்பிப் பிடித்தது நூற்றைம்பது வருடக் கைவேலையை. அதைச் செய்தவர்களையே அதற்கு அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இன்னொரு சமாதானமும் உண்டு. படம் எடுக்காவிட்டால் இந்த மக்கள் உலகின் கண்ணில் படமாட்டார்கள். படம் அவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது என்பது அது. வரலாறு இதை ஒப்புக்கொள்ளவில்லை. டார்வினையும் டெனிசனையும் படம் பிடித்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். இங்கும் அவர் தொழிலாளர்களைப் படம் பிடித்தார். இங்கிலாந்துப் படங்களில் இருப்பவர்கள் பெயரோடு வாழ்கிறார்கள். இங்குள்ள முகங்களில் பெரும்பாலானவை பெயரில்லாமல் நிற்கின்றன. 1934இல் தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற படம் வந்தது. தேயிலைப் பெட்டிகளிலும் தபாலட்டைகளிலும் கொழுந்துக் கூடைப் பெண் உலகம் சுற்றினாள். இத்தனை பார்வைக்கும் பிறகுதான் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டுக்கொண்டன. மிஞ்சியவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. இந்நாட்டில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட முகங்கள் அவை. அவர்களுக்கு வேண்டியிருந்ததோ அடையாள அட்டையில் ஒட்டும் அளவில் ஒரே ஒரு படம்.

தோட்டத்துப் பேச்சு வழக்கில் ஒரு நாள் சம்பளத்தை ‘பேர்’ என்பார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். என் படத்தில் அந்த அக்காவுக்கு அரைப் பேர்கூட விழவில்லை.

புறம் பேசுதல் என்றால் என்னவென்று நமக்குச் சிறுவயதிலேயே கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒருவர் இல்லாத இடத்தில், அவர் கேட்டால் வருந்தக்கூடியதைச் சொல்வது. சொன்னது உண்மையாக இருந்தாலும் அது புறம்தான். படமும் ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுகிறது. வாப்பாவின் தயக்கத்தை நான் பாதிதான் விளங்கியிருக்கிறேன் போலும். உருவத்தை வரையலாமா என்பது ஒரு கேள்வி. அந்த உருவத்துக்கு உரியவரின் ஹக்கு என்ன என்பது இன்னொரு கேள்வி. முதலாவதைத் தப்பிக்க மலைக்குப் போனவன் இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அந்த அக்கா என்னைத் தடுக்கவில்லை. ஒரு பிரதிதான் கேட்டார். பணம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூறு ரூபா கொடுத்துக் கணக்கை முடித்திருப்பேன். பிரதி கேட்டதால்தான் கணக்கு முடியாமல் நிற்கிறது. எடுத்தது என் உடைமையல்ல, என்னிடம் இருக்கும் அமானிதம் என்று அவர் அறியாமலே எனக்கு அறிவித்துவிட்டார்.

2023இல் அச்சிட்ட படத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் நானுஓயா போனேன். அதே வீட்டில்தான் தங்கினேன். இம்முறை முன்கூடத்தில் பாய் கேட்டு வாங்கிப் படுத்தேன். வாடகையைக் குறைக்கவில்லை. அந்த அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தார். மகள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அம்மா ரொம்ப சின்னதா தெரியுது அண்ணே” என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் அவரைச் சிறிதாக வேண்டித்தான் எடுத்தேன். பின்புறத்தில் அம்மாவின் பெயரை எழுதித் தரும்படி கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்த செய்தி வந்தபோது, அந்தப் படத்தின் மூலப் பிரதியைக் கணினியில் திறந்தேன். சரிவின் அடியில் ஒரு வரிசைத் தகரக் கூரைகள். அழகைக் கெடுக்கின்றன என்று கண்காட்சிக்காக நானே வெட்டி நீக்கியவை. அந்த வீட்டாருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்களும், அந்த லயத்தில் இருந்தவர்களும் உயிரோடிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பயணத்தில் நான் எடுத்த படங்களில் மனிதர்கள் இருப்பவை ஒன்பது. இதுவரை ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.