வயது மட்டும் போதுமா?

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதில் தொடங்கி நாற்பதில் முடிகிற இந்தப் பட்டியலை, உலா இலக்கியம் நடத்துகிற எவரும் கரும்பலகையில் எழுதாமல் இருக்க முடியாது. ஆணுக்கும் பாட்டியல் நூல்கள் பருவம் வகுத்திருக்கின்றன. அவை யாருக்கும் மனப்பாடம் இல்லை. ஊர் விடாமல் எண்ணிக்கொண்டிருப்பது பெண்ணின் வயதைத்தான்.

மணநாளில் கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16 என்கிறது சிலப்பதிகாரம். 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது. அதே நான்கு வருட இடைவெளி. 1949இல் பெண்ணுக்கு 15 ஆனது. 1978இல் 18, 21 ஆனது. இடைவெளி இன்னும் மூன்று. வயது ஏறியிருக்கிறது, கணவன் மூத்தவனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அசையவில்லை. இந்த வேறுபாட்டுக்குச் சட்ட அடிப்படை கிடையாது, மனைவி இளையவளாக இருக்க வேண்டும் என்ற நினைப்பைத்தான் இது வளர்க்கிறது என்று 2018இல் சட்ட ஆணையமே தன் கலந்தாய்வு அறிக்கையில் எழுதியது.

ஊரார் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு நெய்து தருகிற வட்டாரம் எங்களுடையது. செங்குந்தர், தேவாங்கர், பத்மசாலியர் என்று தறி வைத்த வீடுகளில் தமிழும் புழங்குகிறது, தெலுங்கும் புழங்குகிறது. வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வன்னியர் தெருவும் தலித் மக்களின் காலனியும் தனித்தனியே நிற்கின்றன. பெண்ணின் கல்யாண வயசைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு சாதியும் 'எங்க வழக்கம்' என்றுதான் சொல்லும். கிட்டே போய்ப் பார்த்தால் வழக்கத்துக்கு அடியில் ஒரு வேலைக் கணக்கு இருக்கும். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் மகளாக இருந்தால் வரன் பார்ப்பது தள்ளிப்போகும். முறைமாப்பிள்ளை காத்திருந்தால் முந்தும். நிலமில்லாத வீட்டில், வயசுப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டுக் கூலிக்குப் போகப் பயந்தே கட்டிக்கொடுத்துவிடுவார்கள். தள்ளிப்போட்டாலும் முந்தினாலும் அவளை யாரும் கேட்பதில்லை.

இப்போது இந்தக் கணக்கை எழுத இன்னொருவரும் வந்திருக்கிறார். விடிவதற்கு முன்பே ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் போகின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாக்ஸ்கான் அதை மறுத்தது. ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. சம்பளத்துக்குப் போகிற பெண் தாமதமாக மணப்பதை முன்னேற்றம் என்று நாம் எழுதிவிடுகிறோம். என் மாணவி ஒருத்தி சொன்னாள்: "அக்கா வேலைக்குப் போற வரைக்கும் எங்க வீட்ல அவ வயசு ஏறவே இல்ல மேடம். வேலை போன மாசமே ஏறிடுச்சு."

பெண்ணின் மண வயதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிறைவேறாமலே காலாவதியானது. படிக்கட்டுமே, உடம்பு தேறட்டுமே என்று அதை ஆதரித்த தோழிகள் எனக்கு உண்டு. அவர்கள் கவலை நியாயமானது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18க்கு முன்பே மணமானவர்கள். இருக்கிற சட்டத்தாலேயே இவர்களைக் காக்க முடியவில்லை. வீட்டார் கட்டிவைக்கும் பெண்ணுக்கு 21 ஒரு தடுப்பாகலாம். சாதி தாண்டித் தானே தேர்ந்துகொள்ளும் இருபது வயதுக்காரிக்கு அதே 21, அவளை வீட்டுக்கு இழுத்துவரும் கயிறாகும். 2012இல் தர்மபுரியில் திவ்யாவை மணந்தபோது தலித் இளைஞர் இளவரசனுக்கு 21 நிறையவில்லை. அவருக்கு வயதாகவில்லை என்ற பேச்சும் அந்தக் காதலுக்கு எதிராக எழுந்தது. தலித் குடியிருப்புகள் எரிந்தன. அடுத்த ஜூலையில் அவர் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். வயதை எண்ணியவர்களுக்கு உண்மையில் உறுத்தியது எது என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஊர் வழியாக ஓடும் அரக்கோணம் ரயில் போய்ச் சேர்கிற செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்ணின் மண வயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதோடு நிறுத்தவில்லை. சொத்தில் சம உரிமை, மணவிலக்கு உரிமை, விரும்பிய தொழில் செய்யும் உரிமை எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டார்கள். அதே ஆண்டு வந்த சாரதா சட்டம் தொட்டது வயதை மட்டும்தான். சொத்துக்கு 60 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1989இல் தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே மணமானவர்களுக்கு அதில் பங்கில்லை என்றது. 2005இல் நாடாளுமன்றம் திருத்தும்வரை அந்த விலக்கு நீடித்தது. ஆக, சீக்கிரம் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் படிப்பை இழந்தாள்; சீக்கிரம் கட்டிக்கொடுத்ததாலேயே பங்கையும் இழந்தாள். அவள் தேர்ந்தெடுக்காத ஒரு தேதிக்கு அவளே அபராதம் கட்டினாள்.

அதே 1989இல்தான் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவித் திட்டமும் தொடங்கியது; பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. தாலிக்குப் போன பணம் அவளுடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. சின்னத் தொகைதான்; போகிற திசை சரி.

எந்த வயதில் மணந்தாலும், வேண்டாம் என்று சொன்னால் போய் நிற்க ஓர் இடம் இல்லாதவளின் சம்மதத்தைச் சம்மதம் என்று என்னால் எழுத முடியவில்லை. இனி ஒரு பெண்ணின் வயதைக் கேட்கிறவர்கள், அவள் பேரில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.