ஓதுவதற்கு ஓர் அளவு

முஹர்ரம் பிறை பிறந்ததும், "இவ்வருடம் மாதம் ஒரு கத்தம் முடிப்போம்" என்று நம்மில் பலரும் நிய்யத் வைக்கிறோம். ஸஃபர் பிறப்பதற்குள் முஸ்ஹஃப் மீண்டும் உறைக்குள் போய்விடுகிறது. தவறு எங்கே?

ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் இரவெல்லாம் ஓதும் வாலிபர். மாதம் ஒருமுறை குர்ஆனை முடித்தால் போதுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அன்னாரோ, தமக்கு இன்னும் சக்தியுண்டென வேண்டி, ஏழு நாட்களில் முடிக்க அனுமதி பெற்றார்கள். முதுமையில் தளர்ந்தபோது, நாயகம் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். ஆயினும் ஒப்புக்கொண்டதை விடவில்லை. இரவில் ஓதவேண்டியதைப் பகலிலேயே வீட்டாரிடம் ஓதிப் பார்த்துக்கொள்வார்கள். புகாரி ஷரீபில் காணும் செய்தி இது.

ஸஹாபியின் நிலையே இதுவென்றால், நமக்கு அளவு வேண்டாமா? மதீனா முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். தினம் இரண்டு பக்கம் ஓதினால் 302 நாட்களில் ஒரு கத்தம். ஹிஜ்ரி வருடத்துக்குக் குறைந்தது 354 நாட்கள். காய்ச்சல், பிரயாணம் என்று விடுபட்டாலும் 52 நாட்கள் கையிலிருக்கும். பெண்கள் ஓத இயலாத நாட்களில் பிறர் ஓதக் கேட்கட்டும். மற்ற நாட்களில் மூன்று பக்கமாக ஓதிக்கொள்ளட்டும்.

குறைவாயினும் நீடித்துச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிமொழி. இன்று சுபுஹுக்குப் பின் இரண்டு பக்கம் ஓதித் தொடங்குவோம். அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.